மூன்று தண்ணீரில் அலசியது

எங்கள் லேபில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதில் யாராவது தயிர்சாத டப்பாவை வைத்துவிட்டால் நான் போடுகிற சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். அது சாப்பாடு வைக்கிற பெட்டி இல்லை. அதில் இருப்பவை ஆன்டிபாடிகள், நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை மருந்துகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத குப்பி. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வரும். வந்த நாளிலிருந்து அவற்றைக் கைக்குழந்தையைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தக் குப்பிகளில் ஒன்று மார்பில் கட்டி வந்த பெண்களுக்கானது. கட்டியிலிருந்து எடுத்த தசையை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, அதன் மேல் அந்த மருந்தை ஒரு துளி விடுவோம். கட்டியின் செல்களில் பெண் ஹார்மோன் வந்து உட்காருகிற இடம் இருந்தால் ஆன்டிபாடி நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஊற்றுகிற சாயம் அந்த இடத்தில் மட்டும் பழுப்பாகப் பிடிக்கும். இடம் இல்லையென்றால் பிடிக்காது. எல்லாச் செல்லுக்கும் பொதுவாகப் போடுகிற நீலச் சாயம் மட்டும் சில்லு முழுக்க நிற்கும்.

பழுப்பு பிடித்தால் அந்தக் கட்டி ஹார்மோனைத் தின்று வளர்கிற கட்டி என்று அர்த்தம். தினம் ஒரு மாத்திரை கொடுத்து, வருஷக்கணக்கில் அதைப் பட்டினி போடலாம். நீலமாக நின்றால் அந்தக் கதவு சாத்திவிட்டது. மற்ற வைத்தியம்தான் கதி. சில்லின் ஓரத்தில் எழுதியிருப்பது எண் மட்டும்தான், பெண்ணின் முகம் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் பழுப்பைப் பார்த்தால் 'அப்பாடா' என்று வாய்விட்டே சொல்லிவிடுவேன்.

எனக்கு வீடு திருத்தணியில். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறேன். பிறந்தது ஆர்.கே.பேட்டை பக்கம், நெசவுக்காரக் குடும்பம். என் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவா அங்கேயே விசைத்தறிகளுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுக்கிறார். வேலைக்குக் குறைவில்லை. பாவாவின் நகக்கண்ணைப் பார்த்தே அந்த வாரம் எந்த ஊர் லுங்கி நெய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

"பாப்பாவும் நம்ம தொழில்தான் பண்ணுது. சாயம் போட்ற வேலை. நமக்குக் கையெல்லாம் கலர், அதுக்கு மாசமானா சம்பளம். அவ்ளோதான் வித்தியாசம்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது வெறும் கேலி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வாய் அதிகம். தெருவில் யார் என்ன சொன்னாலும் கையோடு பதில் வைத்திருப்பாள். அப்படிப்பட்டவள் இடது மார்பில் வந்த கட்டியைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி மாற்றும்போது நான் தற்செயலாகப் பார்த்துக் கேட்டதற்கு, "ஆங், கீது. இன்னா இப்போ?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் அரக்கோணத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். அங்கே ஊசி போட்டுக் கட்டியிலிருந்து நூல் போல ஒரு துணுக்கு எடுத்தார்கள். அவர்கள் லேபிலேயே பார்த்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஹார்மோன் சோதனையை ஆபரேஷன் முடிந்து எடுக்கிற தசையில் செய்துகொள்ளலாம் என்றார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

அங்கேயே மார்பை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடியும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. சர்ஜன் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைப் பாவாவின் கையில் கொடுத்தார். அதற்குள் ஃபார்மலின் என்கிற மருந்துத் தண்ணீரில் அது மிதந்துகொண்டிருந்தது.

"இதை உங்க கொழுந்தியா லேபுக்கு அனுப்பிடுங்க. அங்க சாயம் போட்டுப் பாப்பாங்க. சாயம் பிடிச்சா மாத்திரையில கட்டுப்படுத்தலாம்," என்றார்.

பாவா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பிடிக்கும் சார்," என்றார்.

அன்றைக்கு நான் அக்காவுடன் ஆஸ்பத்திரியில் தங்கினேன். அக்கா கண்ணில் படவேண்டாம் என்று பாவா டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருத்தணியில் என் வீட்டுக்குப் போனார். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்ததால் வீட்டில் ஆள் இல்லை. மறுநாள் காலை பாவா அதை அரக்கோணம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மடியில் வைத்துக்கொண்டு சென்னை ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் திருத்தணி முருகன் மலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பையில் என்ன, பிரசாதமா என்று அந்த அம்மா தெலுங்கில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை அனுப்பியதும் என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன், பாவாவும் கூடவே வந்தார். காயத்தில் ஒரு மூலை மட்டும் ஆறாமல் கசிந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் துடைத்து மருந்து வைத்துக் கட்டவேண்டும். அதை நான் செய்தேன். கட்டுப் பிரிக்கும்போது அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடச் சொல்வாள். பாவா வெளியே நின்று, "நான் ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேட்பார்.

"ஒண்ணும் வாணாம். அப்டி போ."

ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "ஏன்க்கா, அவருக்குத் தெரியாததா?" என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சதுதான்டி போய்ட்சி. இல்லாததை இன்னாத்துக்குக் காட்டணும்? பார்த்தா மூஞ்ச சுளிப்பான். சுளிக்கலனாலும் சுளிச்ச மாதிரியே எனக்கு இருக்கும்," என்றாள். புதுக் கட்டுப் போட்டு முடித்தேன்.

அவளுடைய சில்லில் சாயம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆன்டிபாடி விடுவதற்கு முன்னால் சில்லுகளை ஒரு கரைசலில் வேகவைக்கவேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பது சாதாரண பிரஷர் குக்கர்தான். விசில் வரும்வரை எல்லா நாளும் நின்று கதை பேசுவேன். அன்றைக்கு யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நோயாளியின் சில்லோடு, சாயம் கட்டாயம் பிடிக்கும் என்று தெரிந்த வேறொரு தசையையும் சேர்த்துப் போடுவோம். மருந்து கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அன்று அந்தச் சாட்சிச் சில்லு ஜோராகப் பழுத்து வந்தது. அக்காவின் சில்லு நீலம்.

எடுத்துக் கழுவினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். நீலம்தான். மாத்திரை கிடையாது, அந்தக் கதவு சாத்திவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. சில்லைப் படித்துச் சொல்கிற டாக்டரை நாங்கள் மேடம் என்போம். அது யாருடைய சில்லு என்று அவருக்குத் தெரியும். அதை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் வெகுநேரம் சில்லை நகர்த்திக்கொண்டே இருந்தார். கட்டி ஓர் ஓரத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டாம்.

"உக்காரு," என்றார். "இதோ, கட்டிக்குப் பக்கத்துல நல்ல பால் குழாய் இருக்கு பாரு. நோய் இல்லாத குழாய். இதுல கொஞ்சமாவது பழுப்பு வரணும் இல்ல?"

வரவேண்டும். எந்தப் பெண்ணின் மார்பிலும் நல்ல குழாய்களில் அங்கங்கே சில செல்கள் சாயம் பிடிக்கும். அக்காவின் நல்ல குழாய்களும் நீலமாக இருந்தன.

"நல்லதுலயே பிடிக்கலைன்னா, கட்டியில பிடிக்கலைன்னு நான் எப்படி எழுதுவேன்? தசைதான் கெட்டுப்போயிருக்கு. ஃபார்மலின்ல ஒழுங்கா ஊறல. வெளியில எங்கயாவது கிடந்துதா?"

இல்லை என்றேன். நானே மடியில் வைத்துக் கொண்டுவந்தேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு ராத்திரி இருக்கிறது என்பது உறைத்தது.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியபோது பாவா வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாவா, அந்த டப்பாவை அன்னிக்கி தெறந்தீங்களா?"

"ஆங்," என்றார், தலையை நிமிர்த்தாமல். "அலசித்தான பாப்பா குடுத்தேன்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். "இன்னா பண்ணீங்க?"

"அலசினேன். மருந்து தண்ணி கண்ணு எரியற மாதிரி நாறுது. அதோட போனா எப்டி சாயம் பிடிக்கும்? சாயம் போடாத கோரா நூலையே ராவெல்லாம் ஊறவெச்சி, மூணு தண்ணி அலசினாதான் கலர் ஏறும். இல்லனா திட்டு திட்டா நின்னுடும். நமக்குத் தெரியாத வேலையா? அதான் நல்ல தண்ணில போட்டு வெச்சிட்டு, காலையில மூணு தண்ணி அலசிட்டு, எட்த்து வெச்ச மருந்தையே திரும்ப ஊத்தி மூடி குடுத்தேன்." அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. "நல்லா பிடிச்சிச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அது நூலா பாவா? நூலா அது?" என்று கத்தினேன். "அந்த மருந்துலதான் அது கெடாம நிக்கும்! வெறும் தண்ணில ஒரு ராத்திரி போட்டா அழுகத்தான செய்யும்! யாரைக் கேட்டு தெறந்தீங்க? எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?" அக்கா எழுந்துவிடப் போகிறாள் என்கிற நினைப்பு அப்புறம்தான் வந்தது. குரலைத் தாழ்த்தி, சில்லில் சாயம் பிடிக்கவில்லை என்பதையும், ஏன் பிடிக்கவில்லை என்பதையும், பிடிக்காவிட்டால் மாத்திரை இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கீரைக் கொத்து கீழே விழுந்தது. "நான்தான் கெடுத்துட்டனா?" என்றார். அதையே மறுபடி கேட்டார். அதற்கப்புறம் உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முறுக்கல பாப்பா. பிழியல. இந்தக் கைல ஏந்திகினு, குழாய மெல்லமா தெறந்து உட்டு... ரத்தம் போற வரிக்கும்... அவளுக்கு நல்லா பிடிக்கணுமேன்னுதான்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சர்ஜன் 'சாயம்' என்கிற ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறார். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அந்த டப்பாவைத் தொடவே பயந்து ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். அது பத்திரமாகவும் இருந்திருக்கும். சாயக்காரருக்குத்தான் அந்தச் சொல் புரிந்துவிட்டது. தனியாக, என் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில், பெண்டாட்டி உடம்பிலிருந்து அறுத்த மார்பைக் கையில் ஏந்தி அலசியிருக்கிறார். நான் தினமும் பாத்திரம் கழுவுகிற குழாய் அது.

"அவகிட்ட சொல்லாத," என்றார். சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. முதன்முதலில் ஊசியால் எடுத்தார்களே ஒரு துணுக்கு, அதை எடுத்த கையோடு ஃபார்மலினில் போட்டிருப்பார்கள். அந்த மெழுகுக் கட்டி அரக்கோணத்திலேயே இருக்கவேண்டும். காலையில் போய் நின்றேன். தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏற்கெனவே சீவிச் சீவி, மெழுகுக்குள் ஒரு தலைமயிர் விழுந்த மாதிரி கொஞ்சம்தான் தசை நின்றது. இன்னும் ஓரிரண்டு சீவல் வரும். அதற்குமேல் அக்காவுடைய கட்டி என்று இந்த உலகத்தில் சோதனைக்கு எதுவும் கிடையாது.

"வேற யாராவது வெட்டட்டுமா?" என்று மேடம் கேட்டார். நானே வெட்டுகிறேன் என்றேன். வேறு யார் கையையும் நம்புகிற நிலைமையில் நான் இல்லை. உண்மையைச் சொன்னால் என் கையையும் நம்பவில்லை. முதல் சீவல் சுருண்டு கிழிந்துவிட்டது. கெட்ட வார்த்தை ஒன்று என் வாயில் வந்தது. இரண்டாவது சீவல் நாடா மாதிரி நீண்டு வந்து, சுருக்கம் விரிய வைத்திருந்த வெந்நீரில் மிதந்தது, சில்லால் மெல்ல ஏந்தி எடுத்தேன். ஏந்தும்போது பாவாவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது.

குக்கர் விசில் அடித்தது. சில்லை ஆறவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, ஒரு துளி. முருகா, இந்த ஒரு துளி ஒட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. மலையடியில் குடியிருப்பதால் வாய் தானாக அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறது.

மேடம் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "வா, நீயே பாரு," என்றார்.

பழுப்பு. அங்கொன்று இங்கொன்று இல்லை. கட்டியின் செல்கள் அத்தனையும் ஒன்றுவிடாமல் பழுத்திருந்தன. ஓரத்தில் தப்பிநின்ற ஒரே ஒரு நல்ல குழாயிலும் அங்கங்கே பழுப்பு இருந்தது. நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதேன். மேடம் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பாவாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"பிடிச்சிச்சா?"

"பிடிச்சிச்சு பாவா. நல்லா, அடர்த்தியா பிடிச்சிச்சு."

பிறகு, "இன்னா கலர்?" என்றார்.

"வறுத்த காப்பிக்கொட்டை கலரு."

"நல்ல கலருதான்," என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவா கீழே தரையில். விஷயத்தை விளக்கமாகச் சொன்னேன். ஊசி மருந்து உண்டு, அதில் முடி கொட்டும். அது முடிந்ததும் தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில்.

"முடி போனா போவுது," என்றாள் அக்கா. "இந்த ஊர்ல மொட்டைத் தலைய பாத்து எவனும் ஏன்னு கேக்க மாட்டான். வேண்டுதல்னு நெனச்சிப்பான்."

நான் சிரித்தேன். பாவா சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. டப்பாவைத் திறந்தது, நல்ல தண்ணீரில் ஊறவைத்தது, குழாயடி, மூன்று தண்ணீர், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். அக்கா கத்தப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் கத்தவில்லை.

"கைலயா எட்த்த?" என்றாள்.

"ஆங்."

"ரெண்டு கையாலயா?"

"ஆங்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவரை முகத்துக்கு நேராகப் பார்த்து நான் பார்த்தது அப்போதுதான். "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல என் ரவிக்கை ஒண்ண அலசி குடுத்திருப்பியாய்யா நீ?" என்றாள். "அதைப் போயி மூணு தண்ணி அலசினேங்கிறியே..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வழக்கம்போலத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சையும் மருந்தையும் தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"நீ ரயிலுக்குக் கெளம்பு. லேட்டாவல?" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யோவ், எங்க கீற? வா, வந்து கட்டைப் பிரி. நீதான பெரிய அலசறவன்."

பாவா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து தட்டை வாங்கிக்கொண்டார். வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் கதவைச் சாத்த நான் கையை நீட்டினேன். "இருக்கட்டும் உடு," என்றாள் அக்கா. பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது உள்ளே தட்டைக் கட்டில் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அக்காவின் குரல்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. நீ அழாம துடை."